டிஸ்க் செத்துப்போனா யார் வந்து மாத்துவாங்க? டெடிகேட்டட் சர்வர் எடுத்த கதை

"டேய், சைட் திறக்கவே மாட்டேங்குதுடா, ஒரு கஸ்டமர் பேமெண்ட் பக்கத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கறாராம், காசு போச்சா இல்லையான்னு கேக்கறார், நான் என்ன சொல்றது?" அக்கா இப்படி ஃபோன்ல கேட்ட அன்னிக்குத்தான் ஹோஸ்டிங் விஷயத்தை இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு எனக்கு உறைச்சுது. அக்கா நடத்துறது தையல் மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற சைட். ஊசி, பாபின் கேஸ், பிரஷர் ஃபுட், மோட்டார் பெல்ட்னு ஆரம்பத்துல சில நூறு ஐட்டம்தான் இருந்துச்சு, இப்போ பல ஆயிரம் ஆயிடுச்சு. டெக்னிக்கல் பக்கம் மொத்தமும் என் பொறுப்பு. அன்னிக்கு ஸ்கிரீன்ல வந்தது 508, ரிசோர்ஸ் லிமிட் ரீச்டு.

ஷேர்ட் ஹோஸ்டிங்ல, அதாவது ஒரே சர்வரைப் பல சைட் பங்கு போட்டுக்கற பிளான்ல இருக்கறவங்க நிறைய பேர் இந்த 508-ஐ பார்த்திருப்பீங்க, ஆனா சர்வர் டவுன்னு நினைச்சு விட்டுடுவீங்க. சர்வர் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும், நம்ம அக்கவுண்டுக்குன்னு ஒதுக்கின பங்கு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். எங்க பிளான்ல ஒரே நேரத்துல 20 என்ட்ரி பிராசஸ் வரைக்கும்தான் அனுமதி, அதாவது பக்கத்தை உருவாக்கற பிஎச்பி புரோகிராம் ஓடவேண்டிய ரெக்வெஸ்ட் ஒரே சமயத்துல 20 உள்ள இருக்கலாம், 21-ஆவது ஆள் வந்தா கதவை சாத்திடும். ஒவ்வொரு பக்கமும் கால் செகண்ட்ல முடிஞ்சா 20-ங்கறது தாராளம், அதே பக்கம் 4 செகண்ட் எடுத்தா 20-ங்கறது ஒண்ணுமே இல்ல. இந்தக் கணக்கு அப்போ எனக்குப் புரியல, பெரிய பிளானுக்கு மாறணும்னு மட்டும்தான் தோணுச்சு.

அதனால விபிஎஸ் எடுத்தோம், அதாவது ஒரு பெரிய மெஷினை சாஃப்ட்வேர்ல துண்டு போட்டு அதுல நமக்குன்னு ஒரு துண்டு. கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் சில நாள் மத்தியானத்துல மட்டும் காரணமே இல்லாம சைட் இழுக்க ஆரம்பிச்சுது. டாப் கமாண்ட் போட்டுப் பார்த்தா சிபியு வரியோட கடைசியில எஸ்டின்னு ஒரு நம்பர் இருக்கும், ஸ்டீல் டைம்னு சொல்வாங்க, சாதாரணமா அது பூஜ்யத்துல நிக்கணும், எங்களுக்கு 10, 15-ன்னு ஏறிட்டு இருந்துச்சு. நம்ம விர்ச்சுவல் மெஷினுக்கு வேலை செய்ய சிபியு தேவை, ஆனா அடியில இருக்கற நிஜ மெஷின் அந்த நேரத்துல வேற யாருக்கோ அதைக் குடுத்துட்டு நம்மளைக் காக்க வெக்குதுன்னு அர்த்தம். நம்ம கோடுல என்ன திருத்தினாலும் இது போகாது, ஏன்னா பிரச்சனை நம்ம வீட்டுக்குள்ளயே இல்ல, பக்கத்து வீட்டுல.

உடனே டெடிகேட்டட், அதாவது பங்கு போடாம முழு மெஷினையும் நமக்கே எடுத்துடலாம்னு கிளம்பிட்டேன். பழைய ஆபீஸ்ல எனக்கு சீனியரா இருந்த ஒரு அண்ணன் இருக்கார், பல வருஷமா சர்வரோடயே வாழ்றவர், அவர்கிட்ட எந்த கம்பெனி நல்லதுன்னு கேட்டேன். அவர் கம்பெனி பேரே சொல்லல. "தம்பி, உன் மெஷின்ல முதல்ல எது தீர்ந்துபோகுது? சிபியுவா, ரேமா, டிஸ்கா, நெட்வொர்க்கா? அதைச் சொல்லு, அப்புறம் பேசலாம்" அப்படின்னார். எனக்கு பதில் தெரியல. ஸ்டீல் ஏறுறது சில நாள்தான், மத்த நாளும் சைட் மெதுவாத்தான் இருந்துச்சு, அது ஏன்னு நான் பார்க்கவே இல்ல. தெரியாம எடுத்திருந்தா எட்டு மடங்கு காசு குடுத்து அதே மெதுவான சைட்டை ஓட்டியிருப்பேன்.

அவர் சொன்னபடி சைட்டோட டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்ல ஸ்லோ கொரி லாகை, அதாவது மெதுவா ஓடற கொரியை (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) எழுதி வெக்கற ஃபைலை, ஆன் பண்ணேன். இது டீஃபால்ட்டா ஆஃப்லதான் இருக்கும், ஆன் பண்ணாலும் 10 செகண்டுக்கு மேல எடுக்கற கொரியை மட்டும்தான் எழுதும், 10 செகண்ட்ங்கறது ஒரு கடை சைட்டுக்கு யுகம், அதனால 1 செகண்டுன்னு மாத்தி வெச்சேன். அடுத்த நாள் காலையில லாக் ஃபைலைத் திறந்தா முக்கால்வாசி ஒரே கொரி. பார்ட் நம்பர் தேடற பெட்டி. லைக்ங்கற தேடல் கட்டளை போட்டு, தேடற வார்த்தைக்கு முன்னாடியும் பின்னாடியும் பர்சென்ட் குறி வெச்சு நானே எழுதினது. பர்சென்ட்னா அந்த இடத்துல எந்த எழுத்து வேணா இருக்கலாம்னு அர்த்தம், அது முன்னாடி இருந்தா இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவற அகரவரிசைப் பட்டியல்) இருந்தும் பயன் இல்ல, டேபிள்ல இருக்கற ஒவ்வொரு வரியையும் படிச்சுப் பார்த்துதான் தீரணும். போதாக்குறைக்கு கஸ்டமர் ஒரு எழுத்து அடிச்சா ஒரு தேடல்னு போகுது, எட்டு எழுத்து பார்ட் நம்பருக்கு எட்டு தடவை மொத்த டேபிளும் படிக்கப்படுது.

பார்ட் நம்பர் தேடறவங்க யாரும் நடுவுலேர்ந்து அடிக்கறதில்ல, டப்பா மேல இருக்கறதைப் பார்த்து முதல் எழுத்துலேர்ந்துதான் அடிப்பாங்க, அதனால முன்னாடி பர்சென்ட்டை எடுத்துட்டேன், அடிச்சு முடிச்சு கொஞ்சம் நிறுத்தினாதான் தேடணும்னு ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு சின்ன இடைவெளி வெச்சேன், பொருள் பேர் தேடறதுக்கு தனியா ஃபுல் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் போட்டேன். அரை நாள் வேலை. லோட் ஆவரேஜ், அதாவது சர்வர் மேல இருக்கற வேலையோட சராசரி, பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, டெடிகேட்டட் யோசனை எட்டு மாசம் தள்ளிப்போச்சு. அந்த எட்டு மாசத்துல மிச்சமான காசுலதான் அக்கா எல்லா ஐட்டத்துக்கும் ஒழுங்கா ஃபோட்டோ எடுத்து ஏத்தினாங்க. அதனால யார் என்கிட்ட டெடிகேட்டட் பத்திக் கேட்டாலும் நான் முதல்ல கேக்கறது ஸ்லோ கொரி லாக் பார்த்தீங்களான்னுதான்.

அப்புறம் நிஜமாவே தேவை வந்துச்சு. இந்த தடவை எது தீர்ந்துபோகுதுன்னு எழுதி வெச்சிருந்தோம். டேட்டாபேஸ் ரேமை விட பெருசாயிடுச்சு, அதனால டிஸ்க்கைத் தொட்டுத் தொட்டுப் படிக்குது, சிபியு வரியில டபிள்யூஏன்னு வர்ற ஐஓ வெயிட் ஏறுது, ராத்திரி சப்ளையர்கிட்ட இருந்து ஸ்டாக் ஃபைல் இறங்கி அப்டேட் ஆகறப்போ காலையில வரைக்கும் இழுக்குது, பகல்ல ஸ்டீல் டைம் வேற. இதுல எதுவுமே திடீர்னு ஒரு நாள் கூட்டம் வந்து போற மாதிரி இல்ல, தினமும் ஒரே அளவுல கனமான வேலை. டெடிகேட்டட் சரியா பொருந்தறது இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான். வருஷத்துல நாலு நாள் மட்டும் இருபது மடங்கு கூட்டம் வரும், மத்த நாள் காத்து வாங்கும்னா உங்களுக்கு வேணுங்கறது கிளவுடு, தேவைக்கு ஏத்திக்கலாம், தேவை இல்லாதப்போ இறக்கிக்கலாம். டெடிகேட்டட் மெஷின் அப்படி நீளாது, எடுத்த அளவுதான்.

இப்போ மெஷின் விஷயம். விளம்பரத்துல கொட்டை எழுத்துல இருக்கறது கோர் எண்ணிக்கை, அதைப் பார்த்து மயங்காதீங்க. பிஎச்பில ஒரு பக்கத்தை உருவாக்கற வேலை ஒரு கோர்லதான் ஓடும், மீதி கோர் எல்லாம் அந்தப் பக்கத்துக்கு உதவாது, வேற கஸ்டமருக்குத்தான் உதவும். அதனால பழைய ஜெனரேஷன் சிபியு ரெண்டு போட்டு 32 திரெட்னு விக்கற மெஷினை விட, புது ஜெனரேஷன்ல 8 கோர் இருந்து ஒவ்வொரு கோரும் வேகமா இருக்கற மெஷின்ல கடை சைட் நல்லா ஓடும். திரெட் வேற கோர் வேற, அதையும் குழப்பி எழுதியிருப்பாங்க. சிபியுவோட முழு மாடல் நம்பரை வாங்கி அது எந்த வருஷம் வெளிவந்ததுன்னு பாருங்க. மாடலே சொல்லாம வெறும் இன்டெல் ஜியான்னு மட்டும் எழுதியிருக்கற இடத்தை நான் தாண்டிப் போயிட்டேன்.

ரேம் ஈசிசியா இருக்கணும், ஒரு பிட் புரண்டா அதுவே திருத்திக்கும். ஆர்டர் டேட்டா வெச்சிருக்கறவங்க இதுல சமாதானம் பண்ணிக்கவே கூடாது. ரேம்ல இன்னொரு விஷயம், இதை நான் நிறைய பேர் மெஷின்ல பார்த்துட்டேன். 64 ஜிபி ரேம் மெஷின் எடுத்துட்டு மைஎஸ்கியூஎல்ல எதையும் மாத்தாம விட்டுடுவாங்க. மைஎஸ்கியூஎல் டேட்டாவை ரேம்ல வெச்சுக்கற இடமான இன்னோடிபி பஃபர் பூலோட டீஃபால்ட் அளவு 128 எம்பி. ஆமா, எம்பிதான். நீங்க 64 ஜிபிக்கு மாசாமாசம் காசு குடுக்கறீங்க, டேட்டாபேஸ் 128 எம்பிக்குள்ள குனிஞ்சு உக்காந்து வேலை செய்யுது, மெஷின் மாத்தியும் வேகம் வரலையேன்னு கம்பெனியைத் திட்டறோம். டேட்டா மொத்தமும் கொள்ளற அளவுக்கு அந்த ஒரு வரியை ஏத்தி ரீஸ்டார்ட் பண்ணி, அதோட பிஎச்பி பக்கம் ஓபிகேஷ் (தயார் பண்ண கோடை ரேம்லயே வெச்சுக்கற வசதி) ஆன்ல இருக்கான்னு பார்த்து, பிஎச்பியை ஓட்டற எஃப்பிஎம்ல எத்தனை சைல்டு பிராசஸ் ஓடலாம்னு ரேமுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட்டு வெச்சாதான் புது மெஷினோட பலம் கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்க் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா டெடிகேட்டட்ல ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கறது இதுதான். ஷேர்ட்லயும் விபிஎஸ்லயும் டிஸ்க் கெட்டா அது அவங்க தலைவலி, நமக்குத் தெரியக்கூட தெரியாது. டெடிகேட்டட்ல பெரும்பாலும் மெஷினுக்குள்ள இருக்கறது ரெண்டே ரெண்டு டிஸ்க், அது என்னிக்காவது ஒரு நாள் சாகத்தான் போகுது. அதனால ரெய்டு 1, அதாவது ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா, இது இல்லாத மெஷினை பிசினஸுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. சில பேர் ரெண்டு டிஸ்க்கையும் ரெய்டு 0 போட்டு இரட்டிப்பு இடம்னு குடுப்பாங்க, அதுல ஒண்ணு போனாலும் மொத்தமும் போச்சு. டிஸ்க் வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியா இருக்கறது நல்லது, அதுவும் சர்வருக்குன்னு செஞ்சதா, திடீர்னு கரண்ட் போனாலும் எழுதிட்டு இருந்த டேட்டாவைக் காப்பாத்தற வசதி உள்ளதான்னு கேளுங்க. வீட்டு கம்ப்யூட்டர்ல போடற எஸ்எஸ்டியைப் போட்டு விலையைக் குறைச்சிருக்கறவங்களும் இருக்காங்க.

சாஃப்ட்வேர் ரெய்டுன்னா லினக்ஸ்ல எம்டிஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதைத் திறந்தா கட்டம் போட்ட அடைப்புக்குள்ள ரெண்டு யு எழுத்து தெரியும். ரெண்டு யு இருந்தா ரெண்டு டிஸ்க்கும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஒரு யு போய் அந்த இடத்துல வெறும் அடிக்கோடு வந்தா ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, இப்போ நீங்க ஒத்தைக் கால்ல நிக்கறீங்க. கொடுமை என்னன்னா அப்போ சைட் நல்லாவே ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது, ரெண்டாவது டிஸ்க்கும் போற வரைக்கும். அதனால அடிக்கோடு வந்த நிமிஷமே மெயில் வர்ற மாதிரி எம்டிஆட்ம்ங்கற ரெய்டு கருவில செட் பண்ணிட்டு, அந்த மெயில் நிஜமாவே வருதான்னு டெஸ்ட் மெசேஜ் அனுப்பிப் பாருங்க. இன்னொண்ணு, மெஷினை எழுப்பற பூட் லோடர் ரெண்டு டிஸ்க்லயும் இருக்கான்னு பாருங்க. டேட்டா ரெண்டுலயும் இருந்து பூட் லோடர் ஒண்ணுல மட்டும் இருந்து அந்த டிஸ்க்கே செத்துட்டா, ரீஸ்டார்ட் பண்ணா மெஷின் எழுந்திரிக்காது.

நெட்வொர்க் எங்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமா இல்ல, ஆனா வார்த்தை விளையாட்டு அதிகமா நடக்கறது இங்கதான். 1 ஜிபிபிஎஸ் போர்ட்னா செகண்டுக்கு 125 எம்பி, 30 நாளும் முழுசா ஓட்டினா 324 டிபி வரும். அன்மீட்டர்டு, அதாவது அளவுக்கட்டுப்பாடு இல்லைன்னு எழுதிட்டு போர்ட் 100 எம்பிபிஎஸ்னு கீழ சின்னதா போட்டிருந்தா உங்க உச்சவரம்பு 32 டிபிதான், அது தப்பில்ல, ஆனா தெரிஞ்சு எடுங்க. சில இடத்துல 95-ஆவது பெர்சென்டைல்னு பில் போடுவாங்க, அதாவது 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க வேகத்தை அளந்து வெச்சு, மாசக் கடைசியில அதுல உயர்ந்த 5 சதவீதத்தைத் தள்ளிட்டு மிச்சத்துல எது உச்சமோ அதுக்குக் காசு. மாசத்துல சுமார் 36 மணி நேர கூட்டம் கணக்குல வராது, எப்பவாவது மட்டும் கூட்டம் வர்ற சைட்டுக்கு அது லாபம்தான்.

டேட்டா சென்டர் எங்க இருக்குங்கறது விலையை விட முக்கியம். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் போகும், கஸ்டமர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா போய்ட்டு வர்றதுக்கே குறைஞ்சது 80 மில்லிசெகண்ட், நிஜத்துல கேபிள் வளைஞ்சு நெளிஞ்சு போறதால இன்னும் அதிகம், அதுவும் ஒரு பக்கம் திறக்க ஒரு தடவை போய்ட்டு வந்தா போதாது. எந்த சிபியு போட்டாலும் இதைக் குறைக்க முடியாது. படங்களை சிடிஎன்ல (பல ஊர்ல காப்பி வெச்சுக் குடுக்கற சர்வீஸ்) வெச்சு சமாளிக்கலாம், ஆனா கார்ட், பேமெண்ட், தேடல் எல்லாம் சர்வருக்குத்தான் வந்தாகணும். உங்க கஸ்டமர் எங்க இருக்காங்களோ அதுக்குப் பக்கத்துல எடுங்க. டெஸ்ட் ஐபி கேட்டா குடுப்பாங்க, அதை வெவ்வேற நெட் கனெக்ஷன்லேர்ந்து பிங் பண்ணிப் பாருங்க.

அப்டைம் 99.9 சதவீதம்னு எல்லாரும் எழுதியிருப்பாங்க. கணக்குப் போட்டா மாசத்துக்கு 43 நிமிஷம், வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் டவுன் ஆனாலும் அவங்க வாக்கு தவறல. அதைக்கூட ஒத்துக்கலாம். எஸ்எல்ஏ, அதாவது சேவை உத்தரவாத டாக்குமெண்டை உக்காந்து படிச்சப்போதான் தெரிஞ்சுது, பெரும்பாலான இடத்துல அந்த 99.9 நெட்வொர்க்குக்கும் கரண்டுக்கும் மட்டும்தான், உங்க மெஷினோட மதர்போர்டு எரிஞ்சுபோனா அது அந்தக் கணக்குலயே வராது. அதுக்கு ஹார்ட்வேர் ரீபிளேஸ்மெண்ட்னு தனி வரி இருக்கும், சில இடத்துல 1 மணி நேரம், சில இடத்துல 4 மணி நேரம், சில இடத்துல "கூடிய விரைவில்". அந்த நேரம் எப்போலேர்ந்து ஆரம்பிக்குதுன்னும் பாருங்க, டிக்கெட் போட்டதுலேர்ந்தா, இல்ல அவங்க பிரச்சனையைக் கண்டுபிடிச்சதுலேர்ந்தா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு ராத்திரி போயிடும்.

நான் கடைசியா நாலு கம்பெனியை வடிகட்டி வெச்சுட்டு ஒரே மெயிலை நாலு பேருக்கும் அனுப்பினேன், அதுவும் சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு. கேட்டது இதுதான்: ரெய்டு 1-ல ஒரு டிஸ்க் ராத்திரி 2 மணிக்கு போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க, நான் என்ன செய்யணும், நீங்க என்ன செய்வீங்க, ஸ்பேர் டிஸ்க் அதே கட்டடத்துல இருக்கா, மெஷினை ஆஃப் பண்ணாம மாத்த முடியுமா, எந்த டிஸ்க்கை உருவணும்னு எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீங்க? ஒருத்தர் பதிலே அனுப்பல. ஒருத்தர் திங்கக்கிழமை விலைப்பட்டியலை மட்டும் அனுப்பினார். ஒருத்தர் எங்க ஹார்ட்வேர் ரொம்ப தரமானது, கவலையே வேண்டாம்னு எழுதினார். நாலாவது இடத்துலேர்ந்து 40 நிமிஷத்துல பதில் வந்துச்சு, ஹாட் ஸ்வாப் பே இருக்கு, மெஷினை ஆஃப் பண்ணாமலே மாத்தலாம், டிக்கெட்ல கெட்டுப்போன டிஸ்க்கோட சீரியல் நம்பரை எழுதுங்க, எங்க ஆள் லேபிள்ல அதே நம்பர் இருக்கான்னு சரிபார்த்துட்டுத்தான் உருவுவார், நம்பர் இல்லன்னா உங்களைக் கேக்காம கைவைக்க மாட்டோம்னு. அந்தக் கடைசி வரியைப் படிச்சதும் எனக்கு முடிவாயிடுச்சு. நல்லா இருக்கற டிஸ்க்கை தப்பா உருவிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆள்தான் அப்படி எழுதுவார். விலையில அவங்க ரெண்டாவது இடம்தான், பரவால்லன்னு அக்காவும் சொல்லிட்டாங்க.

மேனேஜ்டா அன்மேனேஜ்டாங்கற கேள்வில நாங்க ரொம்ப நாள் இழுத்தோம். அன்மேனேஜ்டுல ஹார்ட்வேரும் நெட்வொர்க்கும் அவங்க பாடு, அதுக்கு மேல ஆபரேட்டிங் சிஸ்டம் அப்டேட், ஃபயர்வால், பேக்கப், ஹேக் ஆனா கழுவறது எல்லாம் நம்ம பாடு. மேனேஜ்டுங்கற வார்த்தைக்கு ஊருக்கு ஒரு அர்த்தம் இருக்கு, சிலருக்கு கண்ட்ரோல் பேனல் (பிரவுசர்லேர்ந்தே சர்வரை நிர்வகிக்கற சாஃப்ட்வேர்) போட்டுக் குடுத்தா அதுவே மேனேஜ்டு. எது எதெல்லாம் செய்வீங்கன்னு எழுதி வாங்குங்க. எனக்கு லினக்ஸ் ஓரளவு கைவரும், அதனால அன்மேனேஜ்டு போதும்னு நினைச்சேன். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "உனக்கு ஜுரம் வந்து படுத்துட்டா யார்டா பார்ப்பா?" அதுக்கப்புறம் பாதுகாப்பு அப்டேட்டும் மானிட்டரிங்கும் கம்பெனியே பார்க்கற பிளானைத்தான் எடுத்தோம். வீட்டுல ஒரே ஒருத்தருக்கு மட்டும் சர்வர் தெரியும்னா தயவுசெஞ்சு இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுக்குங்க.

ஆபரேட்டிங் சிஸ்டம் எடுக்கறப்போ அதுக்கு எவ்வளவு நாள் அப்டேட் வரும்னு பாருங்க. சென்ட்ஓஎஸ் 8-ங்கற லினக்ஸுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்னு நம்பிப் போட்டவங்களுக்கு 2021 டிசம்பரோட கதவு சாத்திட்டாங்க, சென்ட்ஓஎஸ் 7-ம் 2024 ஜூன்ல முடிஞ்சுது. இப்போ ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ், டெபியன், உபுண்டு எல்டிஎஸ்னு போறாங்க. கண்ட்ரோல் பேனல் லைசென்ஸ் சர்வர் விலையில சேர்ந்ததான்னும் கேளுங்க, சிபேனல்ங்கற பேனல் கம்பெனி 2019-ல அக்கவுண்ட் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி விலையை மாத்தினப்போ நிறைய பேருக்கு பில் எகிறிடுச்சு.

ஐபிஎம்ஐ இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, அதாவது மெஷினுக்கு நேரா மானிட்டரும் கீபோர்டும் சொருகின மாதிரி தூரத்துலேர்ந்தே பார்க்கற வசதி. எனக்கு இது ரெண்டாவது வாரமே உதவுச்சு. ஃபயர்வால்ல ஒரு விதி எழுதி சேவ் பண்ணேன், அடுத்த செகண்ட் எஸ்எஸ்எச், அதாவது தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள போற வழி, உறைஞ்சு நின்னுபோச்சு, என்னையே நான் வெளிய தள்ளி கதவை சாத்திட்டேன். கன்சோல்ல லாகின் பண்ணி அந்த வரியை அழிச்சேன், 5 நிமிஷம். அது இல்லன்னா டிக்கெட் போட்டு, ரூட் பாஸ்வேர்டை யார்கிட்டயோ குடுத்து, காத்துட்டு இருந்திருக்கணும். ஆனா அந்த ஐபிஎம்ஐ நேரா இன்டர்நெட்ல திறந்து கிடக்கக் கூடாது, விபிஎன் வழியா மட்டும்தான் போகணும், இதையும் கேட்டு வாங்குங்க.

பேக்கப் விஷயத்துல நான் யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். ரெய்டு பேக்கப் கிடையாது, தப்பா ஒரு டேபிளை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அழகா அழியும். 2021 மார்ச் 10 அன்னிக்கு பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர்ல தீ பிடிச்சு ஒரு கட்டடமே எரிஞ்சுபோச்சு, லட்சக்கணக்கான சைட் ஒரே ராத்திரியில காணாமப் போச்சு. அதுல பேக்கப்பும் எரிஞ்ச அதே கட்டடத்துல இருந்த ஆளுங்களுக்குத் திரும்ப ஒண்ணுமே கிடைக்கல. அதனால எங்க பேக்கப் வேற ஊர்ல, வேற கம்பெனில, வேற பாஸ்வேர்டுல இருக்கு. சர்வருக்குள்ள ஒருத்தன் புகுந்தாலும் அங்க போய் அழிக்க முடியாத மாதிரி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அந்த பேக்கப்பை வெறும் மெஷின்ல இறக்கி சைட்டை எழுப்பிப் பார்க்கறோம். முதல் தடவை பார்த்தப்போ ப்ராடக்ட் படங்கள் இருந்த ஃபோல்டர் பேக்கப்லயே இல்ல, ரெண்டு மாசமா அப்படி ஓடியிருக்கு. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காம இருந்திருந்தா அக்கா எடுத்த அத்தனை ஃபோட்டோவும் என்னிக்கோ போயிருக்கும்.

மெயிலை மட்டும் சர்வர்ல வெக்கல. நமக்குக் குடுக்கற ஐபியை முன்னாடி யார் வெச்சிருந்தாங்கன்னு தெரியாது, ஸ்பேம் அனுப்பி பிளாக்லிஸ்ட்ல இருந்திருக்கலாம், ஆர்டர் கன்ஃபர்மேஷன் ஸ்பேம் பெட்டிக்குப் போனா கஸ்டமர் ஃபோன்தான் வரும். தனி மெயில் சர்வீஸ் எடுத்து மெயில் நிஜமாவே நம்மகிட்டேர்ந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் போட்டாச்சு. கான்ட்ராக்ட்ல செட்டப் கட்டணம், எத்தனை நாள் முன்னாடி சொல்லி நிறுத்தணும் இது ரெண்டும் பாருங்க, வருஷக் கட்டணம் மலிவா இருந்தாலும் முதல் மூணு மாசம் மாசாமாசம் கட்டறதுதான் நல்லது.

மாத்தின அன்னிக்கு நடந்ததை சுருக்கமா சொல்றேன். ரெண்டு நாள் முன்னாடியே சைட் பேரை ஐபியோட கோக்கற டிஎன்எஸ்ல, பதிலை எவ்வளவு நேரம் ஞாபகம் வெக்கணும்னு சொல்ற டிடிஎல்லை 300 செகண்டுக்குக் குறைச்சுட்டோம், இல்லன்னா பழைய ஐபியை உலகம் ரொம்ப நேரம் ஞாபகம் வெச்சிருக்கும். ஃபைல் எல்லாம் ஆர்சிங்க்ங்கற காப்பி கருவில முன்னாடியே போயிடுச்சு. என் கம்ப்யூட்டர்ல ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாத்தி, எனக்கு மட்டும் சைட் பேர் புது மெஷினைக் காட்டற மாதிரி பண்ணி, அதுல ஒரு முழு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பழைய சைட்டை மெயின்டனன்ஸ்ல போட்டுட்டு கடைசி டேட்டாபேஸை ஏத்தினோம். இந்த மெயின்டனன்ஸ் பக்கம் முக்கியம், அது இல்லாம மாத்தினா கொஞ்ச பேர் பழைய சர்வர்ல ஆர்டர் போடுவாங்க, கொஞ்ச பேர் புதுசுல, ரெண்டு டேட்டாபேஸையும் கையால கோக்கறது நரகம். பழைய விபிஎஸ்ஸை ரெண்டு வாரம் உயிரோட வெச்சிருந்துட்டு அப்புறம்தான் மூடினோம்.

ஏழாவது மாசம், ஒரு புதன்கிழமை விடியக்காலை 3 மணி 10 நிமிஷத்துக்கு அந்த மெயில் வந்துச்சு. அடைப்புக்குள்ள ஒரு யு, பக்கத்துல அடிக்கோடு. எழுந்து உக்காந்து, முதல்ல பேக்கப் ராத்திரி ஓடியிருக்கான்னு பார்த்தேன், ஓடியிருந்துச்சு. சீரியல் நம்பரை எடுத்து டிக்கெட் போட்டேன். 25 நிமிஷத்துல பதில், லேபிள் நம்பர் பொருந்துது, உருவட்டுமான்னு. உருவுங்கன்னேன். புது டிஸ்க் உள்ள போச்சு, பார்டிஷன் போட்டு ரெய்டுல சேர்த்தேன், ரீபில்டு ஓட ஆரம்பிச்சு 4 சதவீதம், 5 சதவீதம்னு நகருது, ஒண்ணே கால் மணி நேரத்துக்கு மேல அதையே பார்த்துட்டு இருந்தேன். நடுவுல சைட்ல ரெண்டு ஆர்டர் வந்துச்சு, ரெண்டும் பெல்ட். ரீபில்டு முடிஞ்சு ரெண்டு யு திரும்ப வந்ததும் புது டிஸ்க்லயும் பூட் லோடரைப் போட்டுட்டு டிக்கெட்டை மூடினேன். காலையில எட்டு மணிக்கு அக்கா ஃபோன். மனசு ஒரு செகண்ட் திக்குன்னுச்சு. "டேய், அந்த பெல்ட் ஸ்டாக் தீரப்போகுது போல, சப்ளையர் லிஸ்ட்ல வந்திருக்கான்னு பாரேன்" அப்படின்னாங்க.